படம் உருளட்டும்

அக்காவும் தம்பியும் நடத்தும் கம்பெனிக்கு அது முதல் பெரிய ஆர்டர். அந்தக் காலத்து வீடியோ கேமை அச்சு அசலாகக் கம்ப்யூட்டரில் கொண்டுவந்திருந்தாள் அக்கா. விளையாட்டு அரங்க முதலாளி அதை டிவியில் இணைத்து ஆடிப் பார்த்தார்.

"பாக்க அப்படியேதான் இருக்கும்மா. ஆனா அப்போ வீட்டுப் பழைய டிவியில ஆடின மாதிரி வராது."

அந்த நேரம் பார்த்து, பழைய டிவிகளில் வருவது போலப் படம் மேலிருந்து கீழாக உருளத் தொடங்கியது.

"அக்கா, மானம் போகுது. நிறுத்திடட்டுமா?" என்று தம்பி அவள் காதைக் கடித்தான்.

"உருளட்டும்டா. சும்மா இரு."

முதலாளி திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் எழுந்து, டிவியின் தலையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். படம் நின்றது. மிச்ச ஆட்டத்தையும் ஆடி முடித்த பிறகுதான் அவருக்கு உறைத்தது.

"இது புது டிவியாச்சே. தட்டினா எப்படிம்மா சரியாகும்?"

"பின்னாடி மைக் வெச்சிருக்கேன் சார். படத்தை உருள வெச்சதும் நான்தான். தட்டுற சத்தம் கேட்டாத்தான் நிக்கும்."

முதலாளி சிவந்திருந்த உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டார்.

"இன்னொரு தடவை உருள விடும்மா."