கண் திறக்க ஓர் ஆள்

வெளிநாட்டு ஓவிய முகாமில் அன்று கடைசி நாள். மற்றவர்கள் படங்களை முடித்துவிட்டு ஏரியைப் பார்க்கப் போயிருந்தார்கள். வைரவநாதன் வரைந்த அம்மனுக்கு மட்டும் இன்னும் கருவிழி வைக்கவில்லை. கண் திறந்ததும் அம்மன் முதலில் ஒரு நல்ல முகத்தைப் பார்க்க வேண்டும் என்பது அவர் வழக்கம். ஊரில் என்றால் தெருவில் போகிற யாரையாவது கூப்பிட்டு எதிரே நிறுத்திவிடுவார். இங்கே ஒரு மாதமாக யாரும் அவரிடம் நின்று பேசியதில்லை.

“கண்ணாடிய காட்டி முடிச்சிருங்கண்ணே. அதுவும் முறைதான,” என்றாள் தங்கை மங்கை, போனில்.

“கண்ணாடின்னா அவ தன்னையேல்ல பாத்துக்கிட்டு நிப்பா. இங்க நான் ஒருத்தன் தனியா இருக்குறது போதாதா?”

அப்போது தரை துடைக்கிற பெண் வாளியோடு உள்ளே வந்தாள். அவரைக் கண்டதும், வரக்கூடாத நேரத்தில் வந்துவிட்டவள்போலத் திரும்பினாள். அவர் போனை வைத்துவிட்டு, கைகூப்பி, படத்துக்கு எதிரே நிற்கும்படி சைகை காட்டினார். அவள் ஈரக் கைகளை உடையில் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். அவர் மனதுக்குள் கும்பிட்டபடி இரண்டு கருவிழிகளையும் வைத்துவிட்டு விலகிக்கொண்டார்.

படத்திலிருப்பவள் யாரைப் பார்க்கிறாள் என்று அந்தப் பெண் தனக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தாள்.