ரெண்டு சத்தம்

தொழிற்சாலை வேலை முடிந்து வாணி கேட்டைத் திறக்கும்போதே, பக்கத்து வீட்டுக் குணவதி காத்துக்கொண்டு நின்றாள். மலேசியாவின் கோலா கெத்திலில் அந்த வரிசை வீட்டுக்குக் குணவதி குடிவந்து ஒரு மாதம்தான் ஆகிறது.

“ஏன் வாணி, நீ வேலைக்குப் போற. உன் வீட்டுக்காரர் வெளியவே வராம எந்நேரமும் எலக்ட்ரானிக் டிரம்ஸ் அடிக்கிறாரு. அதுக்கு ஹெட்ஃபோன் இல்லையாலா?”

“இருக்குக்கா. நான்தான் வேணாம்னு ஸ்பீக்கர் வாங்கி மாட்டினேன். சமையக்கட்டுல நின்னாலும் எனக்குக் கேக்கணும்.”

“நல்ல ஆசைலா! ஒரு மாசமா டொக்கு டொக்குன்னு ஒத்தைச் சத்தம். அதைப் பொறுத்துக்கிட்டேன். இன்னிக்கி மத்தியானத்துலேர்ந்து ரெண்டு சத்தம் சேர்ந்து வருது. தலை வலிக்குது.”

“என்னக்கா சொன்னீங்க? ரெண்டும் ஒரே நேரத்துலயா?”

“ஆமா, ஒரே நேரத்துல!”

செருப்பைக்கூடக் கழற்றாமல் வாணி உள்ளே ஓடினாள். என்னவோ ஏதோ என்று குணவதியும் பின்னால் போனாள்.

ஹாலில் வாணியின் கணவர் பழனியாண்டியின் வலது கையில் ஒரு குச்சி இருந்தது. பக்கவாதம் வந்து எட்டு மாதமாக மடியிலேயே கிடந்த இடது கையிலும் இப்போது ஒரு குச்சி இருந்தது. அது மெல்ல எழுந்து டிரம்ஸ் மேல் விழுந்தது.

வாணி அழுதுகொண்டே சிரித்தாள்.

“தாளம் சரியா வருதா தங்கச்சி?” வாய் குழற, அவர் குணவதியைப் பார்த்துக் கேட்டார்.

“இன்னும் சேரலண்ணே. சேர்ற வரைக்கும் அடிங்க. சத்தத்தைக் கொஞ்சம் கூட்டியே வைங்க.”