மேஜருக்குத் தெரிந்த கேப்டன்

"பெஷாவர்ல வாள் பிடிச்ச கை! இன்னும் கொஞ்சமாவது நடுங்குதா பாருங்க" என்று பூரித்தாள் விடுதிக்காரி மிஸஸ் போக்காக்.

மேஜர் விட்லோ வெந்த ஆட்டுத்தொடையை மெல்லிய துண்டுகளாகச் சீவித் தட்டுகளில் வைத்துக்கொண்டிருந்தார். அந்தக் கடற்கரை விடுதியில் ஞாயிற்றுக்கிழமை மதியம் மேசையின் தலைப்பக்கம் உட்கார்ந்து கறி நறுக்கும் உரிமை, இருப்பவர்களிலேயே பெரிய மனிதருக்குத்தான்.

சூப்பிலும் அந்த மரியாதை உண்டு. புருஷனோடு வந்த சீமாட்டிகளுக்கு முதலில், விதவைகளுக்கு அடுத்து. கல்யாணமே ஆகாத மிஸ் டட்டனிடம் கிண்ணம் வந்து சேரும்போது மேலே கொழுப்பு உறைந்திருக்கும். பாவம், ஏழு வருஷமாக அவள் அதை வாய் திறக்காமல் குடித்துக்கொண்டிருந்தாள்.

நிஜத்தைச் சொன்னால், விட்லோவின் கை வாளைத் தொட்டதே இல்லை. முப்பது வருஷம் லண்டனில் ஒரு கடையில் நின்று சீமாட்டிகளுக்குக் கையுறை மாட்டிவிட்ட கை அது. ஓய்வுக்குப் பிறகு பதினொரு வருஷம், ஒற்றை அறையில் சுவரைப் பார்த்தபடி ரொட்டியும் பாலாடைக்கட்டியும் தின்றார். அவர் செத்திருந்தால் வாடகைத் தேதி வரைக்கும் யாருக்கும் தெரிந்திருக்காது.

இங்கே வந்த அன்று விருந்தினர் புத்தகத்தில் பேருக்கு முன்னால் 'மேஜர்' என்று எழுதினார். எந்தப் பட்டாளம் என்று கேட்டவர்களிடம் பேப்பரில் படித்த ஒரு ரெஜிமென்ட் பேரையும் பெஷாவரையும் சொன்னார். அவ்வளவுதான். மறுநாளிலிருந்து எட்டுப் பேர் அவருக்குக் காலை வணக்கம் சொன்னார்கள். ராத்திரி நன்றாகத் தூங்கினீர்களா என்று கேட்கக்கூட ஆள் இருந்தது.

"மேஜர், உங்களுக்கு ஒரு சந்தோஷமான சேதி" என்றாள் மிஸஸ் போக்காக். "நேத்து வந்தாங்களே மிஸஸ் கார்ஸ்வெல், அவங்க வீட்டுக்காரர் கேப்டன் கார்ஸ்வெல்லும் உங்க ரெஜிமென்ட்தானாம்! பெஷாவர்லயே காய்ச்சல்ல போயிட்டாராம்."

எதிரே, கழுத்திலிருந்து கால்வரை கறுப்புடுத்தி உட்கார்ந்திருந்த மிஸஸ் கார்ஸ்வெல்லின் கையிலிருந்து கரண்டி நழுவி விழுந்தது. "அவரை... உங்களுக்குத் தெரியுமா?" என்றாள்.

விட்லோ கறிக்கத்தியைக் கீழே வைத்தார். மேசை முழுக்க அவர் முகத்தையே பார்த்தது. தெரியாது என்றால் இன்றோடு குட்டு உடைந்துவிடும்.

"கார்ஸ்வெல்லைத் தெரியாம இருக்குமா? தங்கமான மனுஷன்" என்றார். மறுபடி கத்தியை எடுத்து அடுத்த துண்டைச் சீவினார்.

தேநீருக்கு முன்னால் கொஞ்ச நேரம் தப்பிக்கலாம் என்று கடலைப் பார்த்த பெஞ்சுக்குப் போனார். மிஸஸ் கார்ஸ்வெல்லும் பின்னாலேயே வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். மிஸ் டட்டன் இப்படி ஓர் ஆண்பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் விடுதியே மென்று தின்றிருக்கும். விதவையை யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

"அவர் எப்படிச் சிரிப்பாரு?" என்று கேட்டாள்.

பரீட்சை வைக்கிறாள் என்று நினைத்தார் விட்லோ. "தலையைப் பின்னால சாய்ச்சு, நாலு கூடாரத்துக்குக் கேக்கற மாதிரி."

"கண்ணு?"

"சாம்பல் நிறம். வெயில்ல பாத்தா கொஞ்சம் பழுப்பாவும் இருக்கும்" என்று இரண்டு பக்கமும் கால் வைத்தார். அவள் மறுக்கவில்லை. தலையை மட்டும் மெதுவாக ஆட்டினாள்.

"என்னைப் பத்தி எப்பவாவது பேசுவாரா?"

"பேசாத நாள் ஏது மேடம்? உங்க லெட்டர் வந்துட்டா சாப்பாட்டையே மறந்துடுவாரு. நாங்கல்லாம் எவ்வளவு கேலி பண்ணுவோம்!"

அவள் கைக்குட்டையில் முகத்தைப் புதைத்து ஒரு பாட்டம் அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இன்னும் சொல்லுங்க. எதுவா இருந்தாலும் பரவாயில்ல, சொல்லுங்க" என்றாள்.

விட்லோவால் அதற்குமேல் முடியவில்லை. கறி நறுக்கும் கத்திக்காகச் சொன்ன பொய், ஒரு பெண்ணின் துக்கத்துக்குள்ளேயே கையை விட்டுவிட்டதே என்று கூசிப்போனார். சொல்லிவிட்டால் மறுபடி அந்தச் சுவர், அந்தப் பாலாடைக்கட்டி. நினைக்கவே பயமாயிருந்தது. ஆனாலும் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"மேடம், நான் மேஜரே இல்ல. கையுறைக் கடையில வேலை பாத்தவன். பெஷாவர் எந்தத் திசையில இருக்குன்னுகூட எனக்குச் சரியாத் தெரியாது. நான் சொன்னது அத்தனையும் புளுகு. உங்க வீட்டுக்காரரை நான் ஒரு தடவைகூடப் பாத்ததில்ல. மன்னிச்சுடுங்க, நாளைக்கே ரூமைக் காலி பண்ணிடறேன்."

அவள் விடுதி ஜன்னல்களை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். யாரும் இல்லை என்று தெரிந்ததும் அவர் பக்கம் குனிந்தாள்.

"போன விடுதியில எனக்கும் ஆறின சூப்புதான் வந்துது. அந்தக் கேப்டனை நானும் பாத்ததில்ல, மேஜர்."