மூன்றாவது தூண்

மேசையில் மணலைக் கொட்டி, பக்கத்து நாட்டின் மலைகளையும் ஆற்றையும் அச்சு அசலாகச் செய்து வைத்திருந்தார்கள். போன வருடம் வரை அதில் நண்பர்களுக்கான நீலக்கொடி குத்தியிருந்தது. கூட்டணி மாறியதும் சிவப்பு.

“அங்க போய்வந்தவர் நீங்கதான், மேஜர். எங்க அடிச்சா முடங்கிப்போவாங்க?” என்று கேட்டார் ஜெனரல்.

மேஜர் தேவசகாயத்தின் விரல் ஆற்றின்மேல் தயங்கியது. கூட்டுப் பயிற்சியின்போது அந்நாட்டுக் கேப்டன் ஒருவன் கொட்டும் மழையில், ஆற்றுப் பாலத்தில் ஏறவிருந்த இவருடைய டாங்கிகளை ஓடிவந்து மறித்தான். பாலத்தடிக்குக் கூட்டிப்போய், விரிசல் விட்ட தூணில் டார்ச் அடித்துக் காட்டினான். எல்லோரும் சுற்றிக்கொண்டு போனார்கள்.

விரல் இறங்கி, தீக்குச்சிப் பாலத்தின் மூன்றாவது தூணைத் தொட்டது.

“நிச்சயமாவா? நம்ம உளவுத்துறைக்கே தெரியலையே!”

“அவங்களே காட்டினாங்க சார்,” என்றார். “நாங்க விழுந்துடக் கூடாதுன்னு.”