எட்டு மீட்டர் தள்ளி

இயற்பியல் ஆசிரியையான மனைவி பதினோராம் வகுப்புக்குக் கேள்வித்தாள் தயாரித்துக்கொண்டிருந்தாள். என்ஜினீயர் கணவன் சோபாவில் சாய்ந்து கிடந்தான். நேற்றிலிருந்து வீடு அத்தனை அமைதியாக இருந்தது.

"என்னங்க, இந்தக் கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பாருங்களேன்."

தன்னைப் போய்க் கேட்கிறாளே என்று அவனுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

"சொல்லு, சொல்லு."

"பால்கனி உயரம் அஞ்சு மீட்டர். அங்கேருந்து போன பொருள், சுவத்துலேருந்து எட்டு மீட்டர் தள்ளி விழுது. காத்தைக் கணக்குல சேர்க்க வேண்டாம். கிளம்பினப்ப என்ன வேகம்?"

"ப்பூ, இவ்வளவுதானா? நேரா முன்னால வீசியிருந்தா, கீழே விழ ஒரு வினாடி. அதுக்குள்ள எட்டு மீட்டர் போயிருக்கு. அப்ப வினாடிக்கு எட்டு மீட்டர்."

"பசங்க யாராவது, கைதவறி விழுந்துச்சுன்னு எழுதினா?"

"முட்டை போடு! கைதவறினா சுவரோரமாத்தான் விழும். இது கையை ஓங்கி, வேணும்னே வீசினது. சந்தேகமே இல்ல."

"நானும் அதைத்தான் நினைச்சேன்" என்றபடி அவள் மேசை இழுப்பறையைத் திறந்தாள். உள்ளே, தினமும் விடியற்காலையில் அவள் வாசித்துப் பழகும் மவுத் ஆர்கன், மண் ஒட்டிக் கிடந்தது.

"பக்கத்து வீட்டு ரோஜாச் செடிக்குள்ள கிடைச்சுது. டேப் வெச்சு அளந்துட்டேன். பால்கனியில துடைக்கும்போது கைதவறிடுச்சு, தேடியும் கிடைக்கலைன்னுதானே நேத்து சொன்னீங்க?"

அவன் சோபாவில் நிமிர்ந்து உட்கார்ந்தான். "காத்து... காத்து அடிச்சிருக்கும்."

"காத்தைக் கணக்குல சேர்க்கக் கூடாதுன்னு கேள்வியிலேயே போட்டிருக்கேனே" என்றவள், மண்ணைத் துடைத்துவிட்டு மவுத் ஆர்கனை ஊத ஆரம்பித்தாள்.