சூரனுக்கு உளுந்தங்களி

மீனம்மாள் இன்னொரு கரண்டி நல்லெண்ணெயை விட்டுக் களியைக் கிண்டினாள்.

கருப்பட்டி போட்ட உளுந்தங்களி. வயதுக்கு வந்த பெண்ணுக்கு இடுப்பு வலுவாகட்டும் என்று கிண்டிக் கொடுப்பார்களே, அதேதான்.

சாப்பிடப் போவது சூரன். சூரன் நாய்.

அரிசிக்கே ஊர் திண்டாடிய வருடம் அது. நாய்க்கு உளுந்தும் கருப்பட்டியுமா என்று கேட்டவர்களுக்கெல்லாம் அவள் ஒரே பதில்தான் வைத்திருந்தாள். பாரிவேட்டைக்குப் போகிற நாய், தெம்பு வேண்டாமா?

கேட்டவர்கள் தலையை ஆட்டிவிட்டுப் போனார்கள்.

சிவராத்திரி முடிந்ததும் ஒக்கூர்ப் பக்கத்து ஆண்பிள்ளைகள் ஊர் ஊராகத் திரண்டு காட்டுக்குள் வேட்டைக்குப் போவார்கள். அதுதான் பாரிவேட்டை. நாய் வளர்க்கிற வீடு நாயை அனுப்பியாக வேண்டும். அதிலும் அவள் கணவன் கோட்டைச்சாமியின் வீடு, தலைமுறை தலைமுறையாக வேல்கம்போடு முன்னால் போகிற வீடு. என் நாய் வராது என்று அவன் சொல்லிவிட்டால், பிறகு டீக்கடைப் பக்கம் தலைகாட்ட முடியாது.

போன வருடம் காட்டுப்பன்றி சூரனின் விலாவைக் கிழித்துவிட்டது. கோட்டைச்சாமி தோளில் போட்டுக்கொண்டு வந்து இறக்கினான். கோணி ஊசியால் தைத்தது மீனம்மாள்தான். தைத்து முடிகிற வரைக்கும் அது அவள் புறங்கையை நக்கிக்கொண்டே இருந்தது.

அன்றைக்கே அவள் முடிவு செய்துவிட்டாள். இனி இது காட்டுக்குப் போகாது.

கணவனிடம் சொல்லிப் பயனில்லை. மானம் மரியாதை என்று ஆரம்பித்துவிடுவான். அதனால் அவள் கரண்டியைக் கையில் எடுத்தாள். ஓட முடியாத நாயை யார் வேட்டைக்குக் கூப்பிடப் போகிறார்கள்?

தை பிறந்ததிலிருந்து களி, ஆட்டுத்தலைச் சாறு ஊற்றிய கேப்பைக்கூழ், கடலை உருண்டை. சூரனும் வஞ்சனை இல்லாமல் பெருத்தது. படுத்துக் கிடந்தால் கோழிகள் அதன்மேல் ஏறி நின்றன.

ஒரே ஒரு கவலை. சாயங்காலம் ஆனால் கோட்டைச்சாமி அதை ஓட்டம் பழக்குகிறேன் என்று வயலுக்குக் கூட்டிப் போய்விடுவான். ஊட்டியதெல்லாம் கரைந்துவிடுமே என்று பயந்து, அவள் மறுநாள் இன்னும் கொஞ்சம் எண்ணெய் விடுவாள்.

வேட்டை நாளும் வந்தது. இது கடைசிக் களி. சூரன் சட்டியைச் சுத்தமாக நக்கிவிட்டுக் கிளம்பியது.

அய்யனார் கோயில் முன்னால் நாய்கள் கயிற்றை இழுத்துக்கொண்டு நின்றன. எல்லாவற்றுக்கும் வயிறு ஒட்டியிருந்தது. கோட்டைச்சாமியும் சூரனும்தான் கடைசியாக வந்தார்கள். வருகிற வழியில் அது நடுப்பாதையில் உட்கார்ந்துவிட்டதாம்.

ஊர்ப் பெரியவர் செம்மலை அம்பலம் ஒவ்வொரு நாய்க்கும் தீர்த்தம் தெளித்துக்கொண்டு வந்தார். சூரன்மேல் தண்ணீர் பட்டதும் அது கொட்டாவி விட்டது. பிறகு மல்லாந்து படுத்து, தடவிக் கொடு என்று வயிற்றைக் காட்டியது.

"ஏப்பா கோட்டைச்சாமி, இதை வேட்டைக்குக் கொண்டாந்தியா, இல்ல பன்னிக்குப் பலகாரமாக் கொண்டாந்தியா?" என்று கேட்டார் அம்பலம்.

கோயில் வாசலே சிரித்தது.

கோட்டைச்சாமி முகம் சிவந்துபோய், வழியனுப்ப வந்திருந்த பெண்கள் பக்கம் திரும்பினான். "எல்லாம் இந்தா நிக்கிறாளே, இவ பண்ண வேலை. ஊட்டி ஊட்டியே நாயைக் கெடுத்துப்பிட்டா!"

எல்லோரும் மீனம்மாளைப் பார்த்தார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். நாய் பிழைத்தது. ஆனால் ஊர் முன்னால் அவனைத் தலைகுனிய வைத்துவிட்டோமே! பாவம், அவன் என்ன செய்வான்.

"கிணத்தடியில கட்டிப்போட்டுட்டு வாரேன், நீங்க முன்னால போங்க" என்று சொல்லிவிட்டு அவன் சூரனை இழுத்துக்கொண்டு போனான்.

இழுத்துக்கொண்டு போன வேகம் அவளுக்குச் சரியாகப் படவில்லை. கோபத்தில் அதை அடித்துவிடுவானோ? திட்டினால் என்னையே திட்டட்டும் என்று பின்னாலேயே ஓடினாள்.

வயல் கிணற்று மோட்டார் கொட்டகையைச் சுற்றி வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

சுவர் ஓரம் மூன்று கல் வைத்த அடுப்பு. மேலே மண்சட்டி. சட்டியின் அடியில் கரி திட்டுத் திட்டாக ஏறியிருந்தது. நேற்று இன்று மூட்டிய அடுப்பில்லை.

வீட்டில் சுடுதண்ணீர்கூட வைக்கத் தெரியாத மனிதன், குத்தவைத்து உட்கார்ந்து, குறுணைச் சோற்றையும் ஆட்டுக் கொழுப்பையும் கையால் பிசைந்துகொண்டிருந்தான். ஒவ்வொரு உருண்டையாகச் சூரனின் வாயில் வைத்தான்.

"ஒன் ஆத்தாளைத் திட்டிப்பிட்டேன்டா" என்றான் அதனிடம். "ஊரு பாத்துக்கிட்டு இருந்துச்சுல்ல. இன்னும் ஒரு வாய் வாங்கிக்க. அடுத்த வருசமும் நம்மளைக் கூப்பிடக் கூடாது."

தூரத்தில் தப்பு அடிக்கும் சத்தம் காட்டுப் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது. மீனம்மாளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் போனாள்.

கோட்டைச்சாமி நிமிர்ந்து பார்த்தான். கையில் உருண்டை அப்படியே நின்றது.

"உப்புப் போட்டீகளா?" என்று கேட்டாள். "அதுக்கு ஆகாது, முடி கொட்டிப்போகும்."

"ஒரு கல்லுகூடப் போடலைடி" என்றான் அவன்.