முதலில் இறங்குபவள்

முகமூடியின் வாரை இறுக்கிக்கொண்டாள். இடுப்பில் கயிறு. காலடியில் கழிவுநீர்த் தொட்டியின் திறந்த வாய்.

காலை வெயில் மூன்றாம் படி வரைதான் உள்ளே போயிருந்தது. அதற்குக் கீழே இருட்டு.

அவளுடைய சாயப்பட்டறையில் வருடத்துக்கு ஒரு முறை இந்தத் தொட்டியைக் கழுவுவார்கள். முதலில் இறங்குவது முதலாளிதான். அவள் பார்த்து, கீழிருந்து கயிற்றை ஒரு முறை இழுத்துச் சேதி சொன்ன பிறகே தொழிலாளர்கள் இறங்கலாம். அது அவள் போட்ட சட்டம். ஒன்பது வருடமாக மீறியதில்லை.

கயிற்றின் மறுமுனை எப்போதும் சின்னியப்பன் கையில்.

பத்து வருடத்துக்கு முன் அவருடைய அண்ணன் செம்மலை இந்தத் தொட்டிக்குள்தான் செத்தார். விஷவாயு. அவரைத் தூக்க இறங்கிய இன்னொரு தொழிலாளி முத்தானும் மேலே வரவில்லை. மூன்றாவதாகப் பாய்ந்த சின்னியப்பனை அவள் கட்டிப்பிடித்துத் தரையில் சாய்த்தாள். அவர் கதறினார், கடித்தார். அவள் விடவில்லை.

அதன் பிறகு இரண்டு வீட்டையும் அவள்தான் தாங்கினாள். செம்மலையின் மனைவி சாந்தாமணிக்குப் பட்டறையிலேயே வேலை. பிள்ளைகளுக்குக் கல்லூரி வரை படிப்பு. தொழிலாளர்களுக்கென்று ஓர் ஆஸ்பத்திரி.

முதலாளி என்றால் இப்படி இருக்க வேண்டும் என்றார்கள்.

இன்று மாலை தொழிலதிபர் சங்கம் அவளுக்கு விருது கொடுக்கிறது. தன்னலமற்ற தலைமைக்காம். மேடையில் பேச வேண்டும்.

ஒரு வாரமாக எழுதுகிறாள். முதல் வரி இன்னும் முடியவில்லை.

ஏணியின் ஐந்தாம் படியை மிதிக்கும்போதெல்லாம் ஒரு குரல் கேட்கும். செத்தவருடைய குரலாக இருந்தால் தாங்கிக்கொள்வாள்.

அது அவளுடைய குரல்.

'ரெண்டு நிமிஷ வேலை. முகமூடி எதுக்கு? எறங்கு.'

கேட்டவர் செம்மலை ஒருவர்தான். இன்றுவரை அப்படித்தான் நினைக்கிறாள்.

முகமூடியைக் கழற்றினாள்.

"சின்னியப்பா."

"சொல்லுங்கம்மா."

"உங்க அண்ணன் தானா எறங்கல. முகமூடி வரட்டும்னுதான் நின்னாரு. சோதனைக்கு ஆபீசருங்க வர்ற நேரம்னு நான்தான் அவசரப்படுத்தி எறங்க வெச்சேன்."

தொட்டிக்குள் எங்கோ நீர் சொட்டியது.

சின்னியப்பன் கயிற்றைக் கையில் ஒரு சுற்றுச் சுற்றினார். பிறகு பிரித்தார்.

"தெரியுமுங்க."

அவளுக்குப் புரியவில்லை.

"பம்பு ரூம்லதான் இருந்தேன். நீங்க சொன்னது காதுல உழுந்துச்சுங்க."

ஒன்பது முறை இந்த இருட்டுக்குள் இறங்கியிருக்கிறாள். ஒன்பது முறையும் அவளை மேலே கொண்டுவந்தவை இந்தக் கைகள்.

விளிம்பிலேயே உட்கார்ந்தாள்.

"ஏன் யாருகிட்டயும் சொல்லல?"

தூரத்தில் தண்ணீர்க் குழாயோடு நின்ற ஆட்கள் இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நாலு எட்டு வெச்சு வந்து, வேண்டாண்ணான்னு நான் சொல்லியிருக்கலாமுங்க. உங்களுக்கு எதுத்துப் பேசுனா வேலை போயிருமேன்னு பேசாம நின்னுட்டேன்." தொட்டிக்குள் எட்டிப் பார்த்தார். "நீங்களாச்சும் வருசத்துக்கு ஒருக்கா எறங்கிப் பாக்கறீங்க. நான் ஒருநாளும் எறங்கலீங்க."

குனிந்து, அவள் இடுப்பிலிருந்த முடிச்சை அவிழ்த்தார். தன் இடுப்பில் கட்டிக்கொண்டார். அவள் மடியில் கிடந்த முகமூடியை எடுத்து மாட்டினார்.

கயிற்றை அவள் கையில் கொடுத்தார்.

ஒரு படி. இரண்டு. மூன்றாவதுக்குக் கீழே அவர் கால்கள் இருட்டுக்குள் மறைந்தன.

ஐந்தாம் படியில் நின்றார். அவருக்கு யாருடைய குரல் கேட்டதோ.

பிறகு கயிறு மறுபடி நகர்ந்தது.

ஆட்கள் ஓடி வந்தார்கள். "கொடுங்கம்மா, நாங்க பிடிக்கறோம்."

தலையை ஆட்டி மறுத்தாள். கயிற்றை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

கீழிருந்து ஓர் இழுப்பு வரவேண்டும்.

வரவில்லை.

அன்றைக்கு அவள் பாய்ந்திருக்கலாம். பாயவில்லை. பாய்ந்தவரைப் பிடித்ததோடு சரி. இப்போது அவள் ஒரு காலை ஏணியில் வைத்துவிட்டாள்.

அப்போது கயிறு ஒரு முறை வெட்டி இழுத்தது.

மேலே வந்தவர் முகமூடியைக் கழற்றினார். முகமெல்லாம் நனைந்திருந்தது. அவள் பக்கத்திலேயே, அதே விளிம்பில் உட்கார்ந்தார். இப்படிப் பக்கத்தில் உட்கார்வது இதுவே முதல் முறை.

"அண்ணி மூணு மணி ஷிஃப்டுக்கு வருவாங்க" என்றார். "அவங்களுக்கு இன்னும் தெரியாதுங்க."

அவள் கயிற்றை இன்னும் விடவில்லை.